பொத்தானை அழுத்தினால் பயிற்சி முடிந்ததா?

சென்ற மாதம் எங்கள் தோட்ட அலுவலகத்துக்கு ஓர் உத்தரவு வந்தது. மரம் வெட்டும் முறை, மருந்தடிக்கும் முறை, விபத்துத் தடுப்பு ஆகிய பாடங்களை இனித் தொழிலாளர்கள் கைத்தொலைபேசியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கேள்விகளுக்கு விடை சொல்லி, கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் "பயிற்சி பெற்றவர்" என்று பெயர் பதிவாகிவிடும். 14 நாளில் எல்லாப் பெயரும் பதிவாக வேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை.

பாடமோ மலாயிலும் ஆங்கிலத்திலும். இருட்டிலே பிரட்டுக்கு எழுந்து, நிரை முழுதும் வெட்டி, பால் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும் தாய்மார்கள் அதை எப்போது பார்ப்பது? சமைக்கும்போதா? கடைசி நாளன்று வரிசையாக என் மேசைக்கு வந்து, "ஐயா, இதைக் கொஞ்சம் அமுக்கிக் கொடுங்க" என்றார்கள். அமுக்கிக் கொடுத்தேன். சங்கத்தில் பொறுப்பு வகிக்கும் நானேதான் கொடுத்தேன்.

இந்த முறையே வேண்டாம் என்பதல்ல என் அபிப்பிராயம். தமிழ்ப்பள்ளியில் படித்த நான் கணினியில் சம்பளக் கணக்குப் போடக் கற்றது இப்படிப் படம் பார்த்துத்தான். விளங்காத இடத்தைப் பத்துத் தடவை திருப்பிப் பார்க்கலாம், ஏசுவதற்கு ஆளில்லை!

ஆனால் உளி பிடிப்பது கணக்கல்லவே. பட்டையை ஆழமாக வெட்டாவிட்டால் பால் குறையும். உள்மரத்துக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். அதையும் தாண்டிக் காயப்படுத்தினால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னால் அந்த இடத்தில் வெட்டவே முடியாது. அந்த அளவைக் கண் சொல்லாது, கைதான் சொல்லும். பக்கத்தில் நின்று மணிக்கட்டைத் திருத்த ஓர் அனுபவசாலி வேண்டும்.

எனக்குப் பெரிய பயம் வேறு. நாளை ஒருவர் கண்ணில் மருந்து தெறித்தால், "பயிற்சி கொடுத்தோமே, இதோ பதிவு" என்று நிர்வாகம் அந்தப் பட்டியலை நீட்டும். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியிடம் கேட்பது தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகிய நான்கையும். பொத்தான் எதில் சேர்த்தி?

பணமில்லை என்றும் சொல்லவேண்டாம். 2001ஆம் ஆண்டின் மனிதவளச் சட்டத்துக்கு உட்பட்ட, 10 மலேசியத் தொழிலாளர்களுக்குக் குறையாத நிர்வாகங்கள், அவர்கள் சம்பளத்தில் 100க்கு 1 வெள்ளி கணக்கிட்டுப் பயிற்சிக்கென்றே செலுத்துகின்றன. அந்தப் பணம் நம்மைப் பயிற்றுவிக்கத்தானே?

ஆகவே படிக்கும் நேரமும் வேலை நேரமாகக் கணக்கிடப்பட்டுச் சம்பளம் தரப்பட வேண்டும். பாடம் தமிழில் வேண்டும்; நம்மோடு வெட்டும் வங்காளதேசத்துச் சகோதரருக்கு அவர் மொழியில் வேண்டும். கைவேலையை மரத்தடியில் பார்த்த பின்பே பெயர் பதிய வேண்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். என் விரலால் பதிவான பெயர்கள் எத்தனை என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவேன்.