காட்பாடியோடு நின்றுவிடலாமா?

காட்பாடி ஸ்டேஷனில் ரயில் நின்றால், தோளில் பையோடு என்ஜினீயரிங் மாணவர்கள் திமுதிமுவென்று இறங்குவார்கள். அதே ரயில் ஒரு மணி நேரத்துக்குள் ஆம்பூர் போய்ச் சேரும். அங்கே இறங்குவது ஷூ கம்பெனிக்கும் டேனரிக்கும் வேலைக்குப் போகிற கூட்டம். கையில் டிபன் பாக்ஸ்.

இரண்டு ஊருக்கும் நடுவே ஐம்பது கிலோ மீட்டர்தான். ஆனால் இந்தக் கூட்டமும் அந்தக் கூட்டமும் உட்கார்ந்து பேசியது உண்டா?

பாலாற்றங்கரையில் படிப்புக்குப் பஞ்சம் இல்லை. 1984-ல் வேலூர் என்ஜினீயரிங் கல்லூரி வந்தது. அதுதான் இன்றைய வி.ஐ.டி. 1990-ல் பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. தோல் வியாபாரத்தில் சம்பாதித்து, கல்விக்கு வாரிக் கொடுத்த வள்ளல் அப்துல் ஹக்கீமின் பெயரால் மேல்விஷாரத்திலும் ஒரு என்ஜினீயரிங் கல்லூரி நடக்கிறது.

கல்லூரிக்குக் கல்லூரி மாணவர் சங்கங்கள் உண்டு. ரோபோ செய்ய ஒன்று, ரேஸ் கார் கட்ட ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று. நாட்டு நலப்பணித் திட்டமும் உண்டு. அது 1969-ல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. "நான் அல்ல, நீங்கள்" என்பது அதன் கொள்கை. சேர்ந்த மாணவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்யவேண்டும்.

240 மணி நேரம் கொஞ்ச நேரமா? மனசு வைத்தால் ஒரு ஊரையே மாற்றலாம். ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? ஒரு பேனர், பத்து மரக்கன்று, ஒரு போட்டோ. சாயங்காலம் பஸ் ஏறி வந்தால் சர்டிபிகேட் ரெடி. மறுவாரம் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை!

மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. பாடம், பரீட்சை, கேம்பஸ் இண்டர்வியூ என்று ஓடுகிற பிள்ளைகள் அவர்கள். வழிகாட்டினால் செய்யக்கூடியவர்கள்தான். செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யில் ஒரு மாணவர் தன் கடைசி வருஷப் பிராஜெக்டாக எடுத்துக்கொண்டது எதை? கழிவுநீர்த் தொட்டியில் மனிதன் இறங்காமல் மெஷின் இறங்கினால் என்ன என்ற கேள்வியை! பேராசிரியர் பிரபு ராஜகோபால் துணை நின்றார். துப்புரவுத் தொழிலாளர்களுக்காகப் போராடும் சபாய் கர்மசாரி ஆந்தோலன் கை கொடுத்தது. 'ஹோமோசெப்' என்ற அந்த மெஷின் 2022-ல் களத்துக்கு வந்தது. முதலில் யார் கைக்குப் போனது தெரியுமா? துப்புரவு வேலையில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுய உதவிக் குழுக்களுக்கு!

மார்க்குக்காகச் செய்கிற பிராஜெக்ட்தான். ஆனால் மாணவர் தொழிலாளியிடம் போய்க் கேட்டார். அதனால் அது உயிர் காக்கிற மெஷின் ஆனது.

தோல் ஊர்களில் இப்படிக் கேட்கவேண்டிய கேள்விகள் ஏராளம். தோலில் முடி கழிய சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அந்தக் கழிவும், ஆசிட் கலந்த கழிவும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். "நாத்தம் போச்சுப்பா, இறங்கலாம்" என்று நினைக்கிறவர் இறங்குவது எமன் வாயில். அவரைத் தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் திரும்புவதில்லை.

கெமிஸ்ட்ரி படித்த மாணவனுக்கு இது அரைப் பக்கப் பாடம். தொட்டி ஓரத்தில் நிற்கிற தொழிலாளிக்கோ உயிர்ப் பிரச்சினை. அந்த அரைப் பக்கத்தைத் தமிழிலும் உருதுவிலும், வெளிமாநிலத்தாருக்கு இந்தியிலும் சொல்ல ஒரு மாணவர் சங்கம் போதாதா? வாயுவை மோப்பம் பிடித்து மணி அடிக்கும் கருவியை எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் செய்து பார்க்கக்கூடாதா?

2015 ஜனவரி 31-ந் தேதி ராணிப்பேட்டையில் நடந்ததை யாரும் மறக்க முடியாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் நள்ளிரவில் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் சிக்கி மாண்டார்கள். சுவர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது சிவில் என்ஜினீயரிங்கில் பால பாடம்!

அடுத்தது தண்ணீர். தோல் பட்டையில் சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் நிலம் பாழ்பட்டதை 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் அதே கோர்ட்டு, அதே பாலாறு, அதே வேதனை. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம். இதுதான் இந்தியத் தர விதி. மாதம் ஒருமுறை கிராமத்துக் கிணற்றுத் தண்ணீரை அளந்து பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப் போட்டால், ஊரே படிக்கும்.

மூன்றாவது, தொழிலாளியின் பிள்ளை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு என்ஜினீயரிங் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021-ல் சட்டமானது. அதில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. ஆனால் பிளஸ் 1-ல் எந்த குரூப் எடுக்கவேண்டும், கவுன்சிலிங்குக்கு எப்படி மனு போடவேண்டும் என்று அந்த வீட்டில் சொல்ல ஆள் வேண்டாமா? போன வருஷம் கவுன்சிலிங் போய் வந்த அண்ணனும் அக்காவும் சொன்னால் மனசில் ஏறும். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

"மாணவர்களை உள்ளே விட்டால் வம்பு" என்று முதலாளிகள் பயப்படலாம். மாணவர்கள் போலீஸ் அல்ல. கேமராவை மூடி வைத்துவிட்டு, அளவு கருவியோடு வருகிற பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தால் முதலாளிக்கும் லாபம்தான். ஒரு விபத்து நடந்தால் ஆலைக்குப் பூட்டு விழும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

கல்லூரிகள் செய்யவேண்டியது ஒன்று. பத்து ஊருக்கு ஒரு நாள் போவதை விட்டு, ஒரு ஊருக்குப் பத்து மாதம் போகச் சொல்லவேண்டும். சீனியர் படிப்பு முடிந்து போனால் ஜூனியர் அந்த நோட்டை வாங்கித் தொடரவேண்டும். அந்த வேலைக்கு மார்க்கும் போடவேண்டும்.

மேடையில் பரிசு வாங்குகிற ரோபோ நல்லதுதான். தொட்டியில் இறங்கப்போன தகப்பனை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற ரோபோ அதைவிட நல்லது.

ரயில் காட்பாடியோடு நிற்பதில்லை. ஆம்பூருக்கும் போகிறது. மாணவர்களும் போவார்களா?