தமிழ் படிக்கும் சிங்களப் பிள்ளைகளும் நமது குத்பா மேடைகளும்

கல்விச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு மீண்டும் சூடுபிடித்திருக்கிறது. ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம், வரலாறு என்று ஒவ்வொரு பாடத்துக்காகவும் வாதாட ஆளிருக்கிறார்கள். இரண்டாம் தேசிய மொழிக்காகத்தான் எவரும் குரல் எழுப்புவதாகத் தெரியவில்லை. கல்வி அமைச்சையும் தன்னிடம் வைத்திருக்கும் பிரதமர் ஹரிணி அமரசூரிய, நுகேகொடை நாவலயில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் நான் சிங்கள மொழிமூல மாணவர்களுக்குத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பித்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சில விடயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, சிங்களப் பிள்ளைகள் தமிழை வெறுப்பதில்லை. தரம் 6 இல் வரும் பிள்ளை 'வணக்கம், என் பெயர்...' என்று சொல்லிப் பார்த்துச் சிரிக்கும், அடுத்த வீட்டு ஆண்டியிடம் போய்ப் பேசிக் காட்டும். பிரச்சினை சாதாரண தரத்துக்குப் பாடம் தெரியும்போது வருகிறது. சமயம், முதல்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். இரண்டாம் மொழித் தமிழோ வர்த்தகம், புவியியல், குடியுரிமைக் கல்வி ஆகியவற்றோடு ஒரே கூடையில் கிடக்கிறது. தமிழில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளையின் தாய் வந்து, "டீச்சர், இத படிச்சு என்ன செய்ய? கொமர்ஸ் எடுத்தா ஏ லெவலுக்கு உதவுமே" என்று சிங்களத்தில் கேட்கும்போது அவர் மீது கோபம் வருவதில்லை. கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் "எங்கள் பிள்ளைகளுக்கு வேறு மொழி வராது" என்ற வாதத்தை ஏற்க முடியாது. கொரியாவுக்கு வேலைக்குப் போவதற்காக ஆயிரக்கணக்கான இளைஞர்கள் காசு கொடுத்துக் கொரிய மொழி படித்துப் பரீட்சை எழுதுகிறார்கள். அந்த எழுத்துக்கும் ஒலிக்கும் சிங்களத்தோடு எந்த உறவும் இல்லை. தேவை என்று பட்டால் மொழி வரும். பக்கத்து வீட்டு மொழி மட்டும் ஏன் தேவையாகத் தெரிவதில்லை என்பதே கேள்வி.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய நோயல்ல. அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிய மொழி பேசுவோர் 4 கோடிக்கும் அதிகம். அப்படியிருந்தும் 2016 க்கும் 2021 க்கும் இடையில் அங்குள்ள பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் ஸ்பானிய மொழி படிப்போர் தொகை ஏறத்தாழ 18 சதவீதம் வீழ்ந்தது. கலிபோர்னியா வாக்காளர்கள் 1998 இல் இருமொழிக் கல்வியை ஒடுக்கினார்கள், 2016 இல் அந்தச் சட்டத்தைத் தாங்களே நீக்கினார்கள். 2025 மார்ச்சில் ஜனாதிபதி ட்ரம்ப் ஆங்கிலத்தை உத்தியோகபூர்வ மொழியாக்கும் உத்தரவில் ஒப்பமிட்டார். அங்கும் ஓர் இரட்டை அளவுகோல் உண்டு. ஆங்கிலம் பேசும் வெள்ளையினப் பிள்ளை நாலு வாக்கியம் ஸ்பானிய மொழி பேசினால் திறமை. மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை அதே மொழியைப் பேசினால் 'முதலில் ஆங்கிலத்தைக் கற்றுக்கொள்' என்ற கண்டிப்பு.

இங்கும் அதுதான். மேடையில் ஒரு சிங்கள அரசியல்வாதி காகிதத்தைப் பார்த்து இரண்டு வரி தமிழில் வாசித்தால் கைதட்டல் ஓய்வதில்லை. ஐம்பது வருடம் கொழும்பில் சிங்களம் பேசும் நம்மவர் ஒரு சொல்லைப் பிசகினால் சிரிப்பு. கலவர காலங்களில் வீதியில் மறித்து, வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்ல வைத்துத் தமிழரை அடையாளம் கண்டார்கள். அந்த நினைவுள்ள நாட்டில் மொழிப் பாடம் வெறும் பாடமாக இருக்க முடியாது.

சட்டத்துக்குக் குறைவில்லை. 1944 இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்க சபையில் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கப் பிரேரித்தபோது, வி. நல்லையாவின் திருத்தத்தால் தமிழும் சேர்க்கப்பட்டது. 1956 இல் அது தலைகீழானது. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேர்வோர் ஐந்து வருடத்துக்குள் மற்றைய மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு 2011 இல், ஒருவர் மொழியை மற்றவர் கற்பதைப் பாடசாலையில் கட்டாயமாக்கச் சொன்னது. 2012 மும்மொழி ஆண்டாயிற்று. இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாமே அதைத் தொடக்கி வைக்க வந்தார். பத்து வருடத் திட்டமும் போட்டார்கள். அதன் பிறகும், தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வருவது நமக்குப் பழகிப் போய்விட்டது.

வகுப்பறையில் உள்ள சிக்கல் இன்னும் நுணுக்கமானது. சிங்களத்தில் 'க'வுக்கும் 'ga'வுக்கும் தனித்தனி எழுத்து என்பதைப் போல, தமிழிலும் இருக்கும் என்று பிள்ளை எதிர்பார்க்கிறது. 'கடை'யும் 'மகன்'னும் ஒரே எழுத்தில் வருவதைக் கண்டு திகைக்கிறது. அதைவிடப் பெரியது, நாம் எழுதும் தமிழும் பேசும் தமிழும் வேறு. 'நான் வீட்டுக்குச் செல்கிறேன்' என்று படித்த பிள்ளை வெள்ளவத்தைக் கடையில் போய் அதைச் சொன்னால் கடைக்காரர் சிரிக்கிறார், பிறகு சிங்களத்திலேயே பதில் சொல்கிறார். அந்தச் சிரிப்போடு மூன்று வருடப் படிப்பு முடிந்துவிடுகிறது. உண்மையில் சிங்களத்துக்கும் இதே இரட்டை நிலை உண்டு: எழுத்தில் 'மம யமி', வாயில் 'மம யனவா'. 'உங்கள் மொழி மாதிரித்தான்' என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும். இன்னும் சொல்லப் போனால், கொழும்பிலும் தெற்கிலும் முஸ்லிம்கள் பலர் வீட்டில் பேசும் 'நான் போற, அவர் போற' என்ற வழக்கு, ஆளுக்கு ஆள் விகுதி மாறாத சிங்களப் பேச்சுக்கு மிக நெருங்கியது. நாம் கொச்சை என்று கூச்சப்படும் அந்தத் தமிழ் சிங்களப் பிள்ளைக்கு நல்லதொரு வாசல். பாடநூலில் அதற்கு இடமில்லை. ('ழ'வை நம்மில் எத்தனை பேர் சரியாக உச்சரிக்கிறோம் என்று கேட்காதீர்கள்.)

பொதுச் சொற்களும் ஏராளம். கடே, அக்கா, சல்லி, இடம எல்லாம் தமிழோடு உறவுடையவை. மேசையும் சப்பாத்தும் பாணும் போர்த்துக்கேயரிடமிருந்து இரு மொழிக்கும் வந்தவை. ஸ்பானிய மொழியிலும் மேசை 'மெசா'தான். அதே ஸ்பானிய மொழியில் ஆசையைச் சொல்ல 'ஒஹாலா' என்பார்கள். அது அல்லாஹ் நாடினால் என்ற பொருள் தரும் அரபுத் தொடரிலிருந்து அந்தலூசியாவில் பிறந்தது. முஸ்லிம் ஆட்சி 1492 இல் முடிந்தும் சொல் போகவில்லை.

இனி நம் பக்கம். அளுத்கமையிலும் திகனையிலும் தாக்கப்பட்டவர்கள் சிங்களம் தெரியாதவர்கள் அல்லர். அவர்களில் எத்தனையோ பேர் சிங்கள வாடிக்கையாளர்களோடு வாழ்நாள் முழுக்க வியாபாரம் செய்தவர்கள். நாம் அவர்கள் மொழியைக் கற்றது போதவில்லை. அவர்கள் நம் மொழியை அறியாததும் சேர்ந்தே வேலை செய்தது. 'பள்ளிவாசலுக்குள் என்ன பேசுகிறார்கள்' என்ற சந்தேகத்தைப் பேசித் திரிந்தவர்களில் பலருக்கு, பெரும்பாலான ஜும்ஆ குத்பாக்கள் இந்த நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்றில் நடக்கின்றன என்பதே தெரியாது. ஒலிபெருக்கியில் கேட்பதெல்லாம் அவர்களுக்கு அரபுதான். தமிழ் தெரிந்த ஒரு சிங்கள இளைஞன் ஊருக்கு ஒருவன் இருந்திருந்தால் சில வதந்திகளாவது வாசலிலேயே நின்றிருக்கும். எல்லாம் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. வன்முறைக்குப் பின்னால் மொழியறியாமை மட்டும் இருக்கவில்லை.

இந்த நேரத்தில் நாமே தமிழைக் கைவிடுகிறோம். கொழும்பிலும் புறநகரிலும் சிங்கள மொழிமூலத்திலோ சர்வதேசப் பாடசாலையிலோ படிக்கும் நமது பிள்ளைகளில் பலருக்குத் தமிழ்ப் பத்திரிகைத் தலைப்பை வாசிக்க முடியாது. பெற்றோர் அதைப் பெருமையாகவும் சொல்கிறார்கள். மறுபுறம், காத்தான்குடியிலும் மூதூரிலும் சிங்களப் பாடவேளை பெயருக்கு நடக்கிறது. சிங்களப் பாடசாலைகளுக்கு இரண்டாம் மொழித் தமிழ் ஆசிரியர் தேவை. இரு மொழியும் வாயில் புரளும் மாவனல்லை, பேருவளை, தெஹிவளை இளைஞர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? அவர்கள் கணக்கியல் படிக்கிறார்கள், கட்டாருக்குப் போகிறார்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் நலன்புரிச் சங்கங்களும் மருத்துவ, பொறியியல் மாணவருக்குப் புலமைப்பரிசில் கொடுக்கும்போது, தேசிய கல்வியியற் கல்லூரியில் இரண்டாம் மொழி படிக்கச் செல்லும் ஓரிருவரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். அடுத்த உயர்தரப் பெறுபேறு வரும் முன்பே இதைப் பேசித் தீர்மானிப்பது நல்லது, விண்ணப்பங்கள் கோரப்பட்ட பிறகு நேரம் போதாது.