இன்டர்லொக் பதிக்குமுன் மாமரத்தடியை ஒருமுறை பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

நமதூரில் ஒரு வீடு கட்டி முடிந்தால் கடைசி வேலை, முற்றத்துக்கு இன்டர்லொக் பதிப்பது என்றாகிவிட்டது. பெயின்ற் அடித்து, கேற் பூட்டி, மிஞ்சிய காசுக்கு வாசலிலிருந்து கிணற்றடி வரை கல். பள்ளிவாசல்களும் அப்படித்தான், பாடசாலைகளும் அப்படித்தான். பெண் பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கொடுத்து காத்தான்குடியில் வளவுகள் ஏற்கனவே கையகலமாகிவிட்டன. அந்தக் கையகலத்தையும் இப்போது மூடிக்கொண்டிருக்கிறோம்.

ஏன் என்று கேட்டால் கிடைக்கும் பதில்களில் ஒன்றை நாங்கள், ஆசிரியர்கள், அடிக்கடி கேட்கிறோம்: "மாமரத்துக்குக் கீழ புல்லே முளைக்குதில்ல சேர், வெறும் புழுதி. அதான் கல்லப் போட்டுட்டம்." புல் முளைக்காதது உண்மை. வெயிலில் வளரும் புல்லை நிழலில் வைத்தால் அது சாகத்தான் செய்யும். ஆனால் நிழலைத் தேடிப் படரும் செடிகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை நாம் சந்தையில் கட்டுக் கட்டாகக் காசு கொடுத்து வாங்கிச் சம்பல் போடுகிறோம். வல்லாரை.

கல்லைப் பற்றி முதலில் ஒரு கணக்கு. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். இரண்டு பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 50 சதுர மீற்றர். மாரியில் ஒரு நாள் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால், அந்த இரண்டு பேர்ச்சஸில் மட்டும் 2500 லீற்றர் விழுகிறது. கூரைக்கு மேல் நிற்கும் 1000 லீற்றர் தாங்கியில் இரண்டரைத் தாங்கி. மண் திறந்திருந்தால் அதில் பெரும்பகுதி உள்ளே இறங்கும். இன்டர்லொக் இடுக்கால் தண்ணீர் இறங்கும் என்று சொல்வார்கள். அடியில் கொங்கிரீற் போட்டு, இடுக்கையும் சீமெந்தால் அடைத்த பிறகு எங்கே இறங்குவது? ஒழுங்கைக்கு ஓடும், ஒழுங்கை குளமாகும், பிறகு வடிகான் சரியில்லை என்று நாமே பதிவு போடுவோம்.

நாம் இருப்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு மணல் திட்டில். நம் கிணறுகளில் ஊறும் நல்ல தண்ணீர் மழையாக வந்து மணலுக்குள் இறங்கியது. அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே அது ஒரு படையாக நிற்கிறது. மேலிருந்து இறங்குவதை அடைத்துவிட்டு, மோட்டர் போட்டு இழுத்துக்கொண்டே இருந்தால், உப்பு மேலே வருவதை யார் தடுப்பது?

சூடு வேறு. கச்சான் வீசும் மாதங்களில் பகல் இரண்டு மணிக்குக் கல்லில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். பிறகு மரத்தடி மண்ணில் நின்று பாருங்கள். மரத்தின் தூர் வரை கல் பதித்துவிட்டு, காய் குறைந்துபோயிற்று என்று அந்த மரத்தையே குறை சொல்கிறோம்.

இனி வல்லாரை. நம் மணலில் அப்படியே ஊன்றினால் பிழைக்காது, தண்ணீர் நிற்காதல்லவா. மரத்தின் தூரிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, பெரிய வேர்களை வெட்டாமல் முக்கால் அடி ஆழத்துக்கு மணலை எடுங்கள். அடியில் தென்னம் பொச்சுமட்டைகளைக் குழிப்பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள், அவை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மேலே நன்றாக உக்கிய மாட்டெருவும் உக்கிய இலையும் மணலும் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் வேண்டாம், இது பச்சையாகத் தின்னும் இலை.

விதை தேடி அலையத் தேவையில்லை. தாய்ச்செடியிலிருந்து தரையோடு ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர் விடும். வேரோடு ஒரு கணுவை வெட்டி, அரை அடிக்கு ஒன்றாக, அஸருக்குப் பிறகு ஊன்றுங்கள். நவம்பர், டிசம்பர் பெருமழையில் வைத்தால் தண்ணீர் தேங்கி அழுகும். மழை அடங்கி மண் குளிர்ந்திருக்கும் பெப்ரவரிதான் நமக்குத் தோது. முதல் இரண்டு கிழமை காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். பிறகும் காயவிடக் கூடாது, வல்லாரைக்கு நிழலைவிட ஈரம் முக்கியம்.

நிழல் என்றாலும் கும்மிருட்டு ஆகாது. அடர்ந்த நிழலில் காம்பு நீண்டு, இலை மெலிந்து, வெளிறிப் போகும். கொட்டும் வெயிலில் இலை சிறுத்துச் சிவந்து தடிக்கும். கிளைகளுக்கு நடுவே காலை வெயில் புள்ளி புள்ளியாக விழும் இடம் இருக்கிறதே, அங்கேதான் அது சந்தோசமாகப் படரும். மாமரத்தின் கீழ்க்கிளை இரண்டைக் கழித்துவிட்டால் போதும். விழும் மாவிலைகளை மட்டும் அள்ளிவிட வேண்டும், மூடிக் கிடந்தால் அடியில் அழுகும். அறுக்கும்போது பிடுங்காதீர்கள், இலைக்காம்பைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். ஓடுதண்டு மண்ணில் இருந்தால் அது மறுபடி தளிர்க்கும்.

ஒரு எச்சரிக்கை. பூஞ்செடிக் கடைகளில் வட்ட இலையோடு வல்லாரை போலவே ஒன்று இருக்கும். அதன் காம்பு குடைக்கம்பி மாதிரி இலையின் நடுவில் சேரும். வல்லாரை இலையில் ஒரு பக்கம் வெட்டு இருக்கும், அந்த வெட்டில்தான் காம்பு சேரும். பார்த்து வாங்குங்கள்.

வல்லாரையை மிதித்து நடக்க முடியாது. நடைபாதைக்கு நாலு கல்லைத் தள்ளித் தள்ளிப் பதியுங்கள், நாமொன்றும் கல்லுக்கு எதிரியில்லை. பிள்ளைகள் ஓடி விளையாடும் நிழலுக்கு அகல இலை கொண்ட மலேசியன் புல் பொருந்தும், அது ஓரளவு மிதியும் தாங்கும்.

இனி மறுபேச்சு. பாம்பு வரும் என்கிறார்கள். கணுக்காலளவு படரும் செடி பற்றைக்காடு அல்ல, மூலையில் குவித்து வைத்த ஓடும் பலகையும்தான் பாம்புக்கு வசதி. டெங்கு என்கிறார்கள். நுளம்பு முட்டையிடத் தேங்கிய தண்ணீர் வேண்டும், ஈர மண் போதாது. பூனை, கோழி என்கிறார்கள். இது நியாயமான பேச்சு. நமதூரில் பூனைக்குப் பஞ்சமில்லை, ஆகவே தின்னும் பாத்தியைச் சுற்றிக் கட்டாயம் வலை அடிக்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய நியாயம் ஒன்று இருக்கிறது, அதை ஆண்கள் யாரும் பேசுவதில்லை. மணல் முற்றத்தை விடியப்புறமும் பின்னேரமும் குனிந்து கூட்டியது நம் உம்மாமார். கல் பதித்தது அவர்களின் முதுகுக்குக் கிடைத்த விடுதலை. அதைப் பறித்து மறுபடி ஈர்க்குமாறைக் கையில் கொடுக்க நாம் வரவில்லை. வாசலும் கிணற்றடியும் கல்லாகவே இருக்கட்டும். மரத்தடியை மட்டும் விடுங்கள், அதற்குத் தண்ணீர் ஊற்றுவதும் இலை அள்ளுவதும் வாப்பாவின் வேலையாக இருக்கட்டும். சுபஹுக்குப் பிறகு ஒரு பத்து நிமிடம்.

சந்தையில் வாங்கும் கட்டு எந்த வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்தது என்று நமக்குத் தெரியாது. வல்லாரை ஈரம் கண்ட இடமெல்லாம் வளரும், கழிவு ஓடும் கானோரமும் அதற்கு ஈரம்தான். அதை நாம் வேகவைப்பதும் இல்லை. அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் தேசிக்காய்ப்புளியும் சேர்த்துப் பிசைந்து பிள்ளைக்கு ஊட்டுகிறோம். சொந்த வளவு இலை என்றாலும் நாலு தண்ணீரில் கழுவத்தான் வேண்டும், ஆனால் அது எங்கே முளைத்தது என்றாவது தெரியும்.

ஞாபகசக்திக்கு நல்லதாம் என்று சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது வல்லாரை தேடி ஓடும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: இரவு ஒரு மணி வரை கையில் போன் இருக்கும் பிள்ளைக்கு எந்த இலையும் உதவாது. கீரையாகத் தின்னக் கொடுங்கள், மருந்தாக நம்பாதீர்கள்.

பள்ளிவாசல் நிர்வாக சபையினரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு தனவந்தர் முற்றத்துக்குக் கல் பதிக்க முன்வந்தால், மரத்தின் குடை விரிந்திருக்கும் அகலத்துக்கு வட்டமாக மண்ணை விட்டுவிடச் சொல்லுங்கள். வுழூச் செய்த தண்ணீர் கானுக்குள் போகிறது. ஷாபிஈ மத்ஹபில் அது மறுபடி வுழூவுக்கு ஆகாதே தவிர, அசுத்தமல்ல. அதை ஒரு குழாயால் புல்லுக்கும் மரத்துக்கும் திருப்பலாம். வாய் கொப்பளித்த தண்ணீர் கலந்திருப்பதால் பச்சையாகத் தின்னும் வல்லாரைக்கு மட்டும் வேண்டாம், அதற்குக் கிணற்றுத் தண்ணீர். நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ தின்றால் அது ஸதகா என்ற ஹதீஸைக் குத்பாவில் கேட்டுவிட்டு, கல் முற்றத்தால் நடந்து வீட்டுக்குப் போகிறோம்.

எங்கள் பாடசாலைப் பின்வளவு மரத்தடியில் வல்லாரை தாராளமாகப் படர்ந்திருக்கிறது. ஓடுதண்டு வேண்டியவர்கள் வரும் பெப்ரவரியில் பாடசாலை நாளொன்றில் அஸருக்குப் பிறகு வாருங்கள், காசு வேண்டாம். பழைய சாரன் துண்டு ஒன்றை நனைத்து எடுத்து வந்தால் வேர் காயாமல் சுற்றிக்கொண்டு போகலாம். அதற்கு முன் பாத்தியைத் தயாராக்கி வையுங்கள், வெட்டிய தண்டை அன்றே ஊன்றிவிடுவது நல்லது.