தாயைக் கூண்டில் ஏற்றாதீர்!

"தோட்டத்துப் பெண்கள் சமையலை மறந்துவிட்டார்கள். கடையில் தொங்கும் பக்கற்றை வெட்டிக் கொட்டிப் பிள்ளைகளின் உடலைக் கெடுக்கிறார்கள்!"

மாத்தளை நகரில் அண்மையில் நடைபெற்ற ஒரு கூட்டத்தில், மேடையில் வீற்றிருந்த கனவான் ஒருவர் இவ்வாறு முழங்கினார். மண்டபம் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் கலந்துகொள்ள நம்மால் இயலவில்லை.

எதிரியின் தரப்பைக் கேளாமல் தீர்ப்பளிப்பது நீதியன்று என்பது சட்டக் கல்லூரியில் முதல் நாளே கற்பிக்கப்படும் பாடம். தோட்டத்துத் தாயின் விஷயத்தில் மட்டும் விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வாசிக்கப்படுகிறது. ஆதலால் அவள் சார்பில் நாம் எழுந்து நிற்கிறோம்.

அவளுடைய ஒரு நாளைப் பாருங்கள். இரத்தோட்டையிலோ, எல்கடுவையிலோ, உக்குவளையிலோ ஒரு லயத்துக் காம்பரா. விடியுமுன் எழுகிறாள். ஈர விறகோடு போராடி அடுப்பை மூட்டுகிறாள். மாவைப் பிசைந்து ரொட்டி தட்டுகிறாள், சம்பல் அரைக்கிறாள், பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடிக்கிறாள். கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் ஒப்படைத்துவிட்டுப் பெரட்டுக் களத்துக்கு ஓடுகிறாள். பிந்தினால் பேர் போய்விடும் என்ற அச்சம் அவளைத் துரத்துகிறது. பிறகு பகல் முழுவதும் மழையும் அட்டையும் மலைச்சரிவும். முதுகிலே கொழுந்துக் கூடை. மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும்போது, வாசலில் பிள்ளை பசியோடு நிற்கிறது. அரிசி களைந்து, தேங்காய் துருவி, கறி வைத்து இறக்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். நூடில்ஸ் பக்கற்றை வெட்டினால் பத்து நிமிடம் போதும். கனவானே, அந்த இடத்தில் நீர் இருந்தால் என்ன செய்வீர்?

அப்போதும் அவள் பக்கற்றைக் கொட்டி மட்டும் கொடுத்துவிடுவதில்லை. வேலியோரத்து முருங்கைக் கீரையை உருவிப் போடுகிறாள். கோழி இட்ட முட்டை இருந்தால் உடைத்து ஊற்றுகிறாள். சோயா மீற் வாங்கினால் வீட்டில் வறுத்து இடித்த தூளைப் போட்டுக் கறியாக்குகிறாள். கடைச் சரக்கை வீட்டுச் சமையலோடு சேர்த்துப் பிள்ளையின் வயிற்றை நிரப்புகிறாளே, இதுவா சமையலை மறந்தவளின் செயல்?

இன்னொன்றும் கேட்கிறோம். குற்றம் சாட்டிய கனவான்களின் வீட்டிலே காலை உணவு எங்கிருந்து வருகிறது? பாண் பேக்கரியிலிருந்து, இடியப்பம் கடையிலிருந்து, பால்மாவும் கறித்தூளும் பக்கற்றிலிருந்து! பட்டணத்து வீட்டில் அதற்குப் பெயர் வசதி. லயத்துக் காம்பராவில் அதற்குப் பெயர் சோம்பலோ? அரசாங்கமே 1970களிலிருந்து கர்ப்பிணித் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் திரிபோஷாவைப் பக்கற்றில் அடைத்துத்தானே கொடுத்து வருகிறது? உணவு பக்கற்றில் வருவதே பாவமானால், அந்தப் பாவத்தில் அரசாங்கத்துக்கும் பங்குண்டு.

"பாட்டன் காலத்து உணவுக்குத் திரும்புங்கள்" என்று உபதேசிப்போர் சரித்திரத்தைச் சற்றே புரட்டட்டும். தோட்டத்துத் தொழிலாளி எதை உண்பது என்பதை அவன் என்றுமே தனியாகத் தீர்மானித்ததில்லை. அன்று தோட்டமே அரிசி கொடுத்தது. கொடுத்த அரிசியைச் சம்பளத்தில் கழித்தது. இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வகுத்த 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழும், சம்பளத்தோடு பிணைந்தே நின்றது அந்த அரிசி. 1942 இல் பர்மா யப்பானியர் வசமாயிற்று. அரிசிக் கப்பல் நின்றது. பங்கீட்டிலே கோதுமை மா புகுந்தது. 1980 இல் திருகோணமலையில் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியது. கடல் கடந்து வந்த கோதுமை லயத்து அடுப்பில் நிலைகொண்டது. இன்று "நம் வீட்டு உணவு" என்று போற்றப்படும் ரொட்டியே நேற்று கடையிலும் பங்கீட்டிலும் வந்த மூட்டை அல்லவா? அகப்பட்டதை உணவாக்கிப் பிள்ளைகளை வளர்த்தெடுத்த அந்தப் பாட்டிமாரின் பேத்திதான் இன்று கூண்டில் நிறுத்தப்படுகிறாள்.

பிள்ளைகள் மெலிந்திருக்கிறார்கள் என்பது உண்மை. 2016 ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 17 பேர்; தோட்டங்களிலோ நூற்றுக்கு 32 பேர்! இதற்கெல்லாம் காரணம் நூடில்ஸா? 1973, 1974 ஆம் ஆண்டுகளில் பட்டினி தோட்டங்களில் உயிர்களைக் குடித்தபோது எந்தப் பக்கற் அங்கே தொங்கியது? குற்றவாளி பழைய குற்றவாளியே. வறுமை என்பது அவன் பெயர். நாட்சம்பளம் 1,000 ரூபாயாவதற்கு 2021 வரையும், 1,350 ரூபாயாவதற்கு 2024 வரையும் போராட வேண்டியிருந்தது. இடையிலே 2022 இன் நெருக்கடியில் அரிசியும் மாவும் பருப்பும் பால்மாவும் எட்டாத உயரத்துக்குப் போயின. பின்னர் 2025 நவம்பரில் 1,750 ரூபாய் என வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அதிலும் 200 ரூபாய் வேலைக்கு வந்த நாளுக்கான ஊக்கத்தொகை!

பக்கற்றைப் புனிதப் பொருளென்று நாம் வாதாடவில்லை. அதில் உப்பு மிகுதி, தீட்டிய மாவும் எண்ணெயும் மிகுதி, புரதம் குறைவு. அதை மட்டுமே மூன்று வேளையும் கொடுத்தால் பிள்ளை வளராது. ஆதலால் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை: அவசர வேளைக்கு அது துணையாக இருக்கட்டும், அதுவே முழு உணவாகிவிட வேண்டாம். உள்ளே இருக்கும் தூளில் பாதியைப் போடுங்கள்; கீரையோ, முட்டையோ, பருப்போ சேருங்கள். இனிப்புப் பானத்தின் போத்தலைப் பாருங்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு வட்டம் இட வேண்டுமென்று 2016 இல் விதி வந்தது. சிவப்பைக் கண்டால் விலகுங்கள். அந்தக் காசுக்கு ஒரு முட்டை வாங்குங்கள்.

ஆனால் தாய்க்குப் புத்தி சொல்லுவதோடு கடமை முடிந்ததென்று எவரும் எண்ண வேண்டாம். 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் தாய்க்குப் பாலூட்டும் இடைவேளையைத் தந்தன. பால் மறந்த பிள்ளைக்குப் பசிக்காதா? பிள்ளைமடுவத்தில் பகலுணவைச் சமைத்துக் கொடுப்பதற்கும், தோட்டப் பாடசாலையில் ஒரு வேளை சத்துள்ள சோறு தவறாமல் கிடைப்பதற்கும் கம்பனிகளும் அரசாங்கமும் பொறுப்பேற்கட்டும். மிளகும் கராம்பும் கொக்கோவும் விளையும் மாவட்டம் இது. ஆயினும் ஒரு மிளகுக் கொடி ஊன்ற, நான்கு பாத்தி கீரை போட, லயத்துக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் இல்லை! அந்த மண்ணைக் கொடுங்கள். அரிசியும் பருப்பும் வாங்கக் கட்டுப்படியாகும் சம்பளத்தைக் கொடுங்கள். அந்திக்குமுன் அவள் வீடு சேர வழி செய்யுங்கள்.

இவற்றைக் கொடுத்த பின்னும் அவள் பக்கற்றையே நாடினால், கனவான் மீண்டும் மேடையேறட்டும். அன்று நாமும் கைதட்டுவோம். அதுவரை கூண்டில் நிற்க வேண்டியவள் தாய் அல்ல. அவளுடைய பொழுதையும், மண்ணையும், கூலியையும் பறித்தவர்களே அங்கு ஏறட்டும்!