சொல்லாமல் விற்பதும் மோசடியே

இந்தியாவில் ஓராண்டில் விற்பனையாகும் புதிய கார்களைவிடக் கைமாறும் பழைய கார்கள்தான் அதிகம். 2023-24 நிதியாண்டில் விற்பனையான புதிய பயணிகள் வாகனங்கள் ஏறத்தாழ 42 லட்சம். பழைய கார்களோ 50 லட்சத்துக்கும் மேல் என்று வாகனத் தொழில்துறையினரே கணிக்கிறார்கள். பைக், ஸ்கூட்டர், லோடு ஆட்டோ, லாரி எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை. இத்தனை குடும்பங்களின் சேமிப்பும் கடனும் புழங்கும் இந்தச் சந்தை, ஒரே ஒரு வழக்கத்தின் மேல் நிற்கிறது: கேட்டால் ஒழியச் சொல்லாதே, கேட்டாலும் மழுப்பு. இதை வியாபார சாமர்த்தியம் என்று நெடுங்காலமாகப் பொறுத்துவருகிறோம். இது சாமர்த்தியம் இல்லை, மோசடி.

பழைய வண்டி வாங்குகிறவர்களை ஆசைக்கு அலைபவர்களாகவோ கஞ்சர்களாகவோ பார்ப்பது நம் வழக்கம். உண்மையில் அவர்கள் போடுவது நல்ல கணக்கு. காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் தேய்மானக் கணக்கின்படி, ஒரு வாகனத்தின் மதிப்பு ஓராண்டுக்குள் 15 விழுக்காடு குறைகிறது. மூன்றாம் ஆண்டில் 30 விழுக்காடு, ஐந்தாம் ஆண்டில் பாதி. எட்டு லட்ச ரூபாய் மதிப்பிட்ட கார் நான்கு லட்சத்துக்கு இறங்கிவிடுகிறது. கரைந்துபோன நான்கு லட்சமும் முதல் உரிமையாளருடையது. தமிழ்நாட்டில் காருக்கான ஆயுள் வரியையும் பதிவின்போதே அவர் கட்டி முடித்துவிட்டார். மீதி ஓட்டத்தைப் பாதி விலைக்கு வாங்குபவரைப் புத்திசாலி என்றுதான் சொல்ல வேண்டும்.

தேவையும் சும்மா வந்ததில்லை. கடைசி பஸ் எட்டு மணியோடு நின்றுவிடும் ஊர்களில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வீடு திரும்ப வண்டி வேண்டும். உணவு டெலிவரி வேலையில் சேரவே சொந்தமாக ஒரு பைக் வேண்டும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 புகை விதிகளும், அடுத்த ஆண்டு கட்டாயமான இரண்டு ஏர்பேக்குகளும் தேவையான மாற்றங்களே. ஆனால் அவற்றின் செலவு புதிய காரின் விலையில் ஏறிக்கொண்டது. லாரித் தொழிலில் ஓட்டுநர் முதலாளியாவதற்கு அநேகமாக இருக்கும் ஒரே வாசல் பழைய லாரிதான். 1979-ல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், வங்கிகள் திரும்பிப் பார்க்காத அந்த ஓட்டுநர்களுக்குக் கடன் கொடுத்தே பெரிய நிறுவனமாக வளர்ந்தது. பழையதை வாங்குபவர் நம்பத் தகுந்தவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கேள்வி, அவருக்கு விற்பவர் நம்பத் தகுந்தவரா என்பதுதான்.

விலை குறைவு என்றாலும் செலவு குறைவதில்லை. பழைய காருக்கான கடனுக்கு வட்டி எப்போதும் கூடுதல். நான்கு லட்ச ரூபாய்க் கடனை ஐந்தாண்டில் அடைக்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 9 விழுக்காடு என்றால் மாதத் தவணை 8,300 ரூபாய். 14 விழுக்காடு என்றால் 9,300. மாதம் ஆயிரம், ஐந்தாண்டில் அறுபதாயிரம். நான்கு டயர், பேட்டரி, கிளட்ச் என்று முதல் வருடமே வரிசை கட்டும் செலவுகளும் உண்டு. இவையெல்லாம் தெரிந்தே ஏற்கும் சுமை. அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. தெரியாமல் தலையில் கட்டப்படும் சுமையைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நாள்கணக்கில் வெள்ளத்தில் நின்றன. பழுதுபார்க்கும் செலவு, காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் அந்த வண்டியை முழு இழப்பாகக் கணக்கிட்டு உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிடுவார்கள். வண்டி நேராகக் காயலான் கடைக்குப் போவதில்லை. ஏலத்துக்குப் போகிறது. ஏலம் எடுப்பவர் சேற்றைக் கழுவி, சீட்டைக் காயவைத்து, கார்ப்பெட்டை மாற்றி, பாலிஷ் போட்டு நிறுத்துகிறார். பிறகு அதே ஆர்.சி. புத்தகத்தோடு, வெள்ளத்தையே பார்க்காத ஊருக்குப் போய்ச் சேருகிறது வண்டி. ஆறு மாதம் கழித்து வயரிங்கில் துரு ஏறி நடு ரோட்டில் நிற்கும்போதுதான் வாங்கியவருக்கு ஏதோ புரியத் தொடங்கும். ஒரு வண்டிக்கு முழு இழப்பீடு கொடுக்கப்பட்டது காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரியும், ஏலம் எடுத்தவருக்குத் தெரியும், டிங்கரிங் பட்டறைக்கும் தெரியும். பணம் கொடுத்து வாங்குபவருக்கு மட்டும் தெரியாது. அமெரிக்க மாநிலங்களில் இப்படிப்பட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே அந்த முத்திரை விழுந்துவிடும். நம் ஆர்.சி.யில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

மீட்டர் கதை இன்னும் பழையது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி ஒரே மதியத்தில் அறுபதாயிரத்துக்கு இளைத்துவிடும். முள் மீட்டர் போய் டிஜிட்டல் வந்தால் இது நிற்கும் என்றார்கள். லேப்டாப்பை இணைத்துச் செய்வதால் இன்னும் எளிதாகிவிட்டது. 'சிங்கிள் ஓனர்', 'டாக்டர் ஓட்டிய வண்டி', 'லேடி ஓட்டியது' என்ற விளம்பர வாசகங்களுக்கும் இதே மதிப்புதான். டாக்ஸியாக ஓடித் தேய்ந்தது, மோதிச் சேஸிஸ் நெளிந்தது எல்லாம் பெயிண்டுக்கு அடியில் அடங்கிவிடும்.

'பார்த்து வாங்க வேண்டியது வாங்குபவர் பொறுப்பு' என்பார்கள். இந்தப் பதிலைப் புறந்தள்ளாமல் யோசிப்போம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லிவிடலாம். சுழியைப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். பேரம்தான் துண்டுக்கு அடியில் நடக்கும், மாடு வெளிச்சத்தில் நிற்கும். வண்டிச் சந்தையில் விலை பேனர் கட்டித் தொங்குகிறது, குறைதான் துண்டுக்கு அடியில் கிடக்கிறது. பல்லையே மாற்றிவைத்துவிட்டு, பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்வதில் என்ன நியாயம்? மெக்கானிக்கைக் கூட்டிப் போவது நல்லதுதான். ஸ்டெப்னி கிடக்கும் குழியில் சேறு இருக்கிறதா, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் கறை தெரிகிறதா என்று அவர் பார்ப்பார். ஆனால் ஏமாற்றப்படாமல் இருக்கும் சாமர்த்தியம் இல்லாதது வாங்குபவரின் குற்றமாகிவிடாது.

சட்டமும் இந்த இடத்தில் விற்பவர் பக்கமே சாய்ந்து நிற்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மோசடி எது என்று விளக்கும் அதன் 17-ஆவது பிரிவு, குதிரை வியாபாரத்தை உதாரணம் காட்டுகிறது. குதிரைக்குக் குறை இருப்பது தெரிந்தும் ஒருவர் சொல்லாமல் ஏலத்தில் விற்றால் அது மோசடி ஆகாது. வாங்குபவர், வயதுவந்த நிலையை அப்போதுதான் எட்டிய அவருடைய சொந்த மகளாக இருந்தால், குறையைச் சொல்ல வேண்டிய கடமை உண்டு. வாங்குபவர், 'நீங்கள் மறுக்காவிட்டால் குறையில்லை என்றே எடுத்துக்கொள்வேன்' என்று கேட்டும் விற்பவர் வாய் திறக்கவில்லை என்றால், அந்த மௌனமும் பேச்சுக்குச் சமம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரியைத்தான் கட்டுப்படுத்தும். வீட்டு வாசலில் நின்று தன் காரை விற்கும் தனிநபர் அதற்குள் வருவதில்லை. ஆக, மகளிடம் மறைக்கக் கூடாததை ஊரார் மகளிடம் மறைக்கலாம் என்பதே ஒன்றரை நூற்றாண்டாக நம் சட்டத்தின் நிலை. சட்டம் அனுமதிப்பதெல்லாம் தர்மம் ஆகிவிடாது. நம் மகளுக்குச் சொல்ல வேண்டியது எதுவோ, அதுவே யாருக்கும் சொல்ல வேண்டியது. இந்தச் சந்தைக்கு வேறு அறநூல் தேவையில்லை.

புரோக்கரை மட்டும் திட்டிவிட்டு மற்றவர்கள் நல்லவர்களாகிவிட முடியாது. கியர் சிக்கும் வண்டியைத் தள்ளிவிட்டு, 'நல்ல விலைக்குத் தள்ளிட்டேன்' என்று அலுவலகத்தில் பெருமை பேசும் படித்த நடுத்தர வர்க்கத்தில் நாமெல்லாம் அடக்கம். விற்ற கையோடு பெயர் மாற்றத்தையும் மறந்துவிடுகிறோம். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு. கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுத்து அனுப்புவதோடு பலருக்கு வேலை முடிந்துவிடுகிறது. பல கை மாறிய ஒரு கார் 2009-ல் விபத்தில் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்த வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீடு தர வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடுமையான தீர்ப்பு, ஆனால் நியாயமானது. அடிபட்ட குடும்பம் உரிமையாளரைத் தேடி ஊர் ஊராக அலைய முடியாது.

அரசு இந்தச் சந்தையை அறியாததுபோல் இருக்க முடியாது. அதில் பங்கு வாங்கிக்கொண்டிருக்கிறது. 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், பழைய சிறிய கார்களை விற்கும் பதிவுபெற்ற வணிகரின் லாபத்தின் மீதான வரியை 12-இலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தியது. பழைய வாகன விற்பனையாளர்கள் அங்கீகாரம் பெற வேண்டும், கையில் இருக்கும் வண்டிக்கு அவர்களே பொறுப்பு என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்தது. நல்ல தொடக்கம், பாதி வேலை. வண்டி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை அது சொல்கிறது. வண்டியின் குறை என்ன என்பதைச் சொல்லவில்லை. வரி வாங்கத் தெரிந்த கை, தகவல் கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை மலையைப் புரட்டும் வேலைகள் இல்லை. முழு இழப்பு என்று காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்த ஒவ்வொரு வண்டியும் அரசின் 'வாகன்' பதிவுத் தரவுத்தளத்தில் அப்படியே பதியப்பட வேண்டும், ஆர்.சி.யில் அது அச்சாக வேண்டும். சர்வீஸ், காப்பீட்டுப் புதுப்பிப்பு, புகைப் பரிசோதனை ஒவ்வொன்றின்போதும் மீட்டர் அளவு ஒரே இடத்தில் சேர வேண்டும். பெல்ஜியம் 2006 முதல் இதைத்தான் செய்கிறது. கிலோமீட்டர் வரலாறு அடங்கிய 'கார்-பாஸ்' சான்று இல்லாமல் அங்கே பழைய கார் விற்க முடியாது. மீட்டரைக் குறைப்பதைத் தனிக் குற்றமாக அறிவிக்க வேண்டும். தெரிந்த குறைகளை எழுத்தில் கொடுக்கும் ஒரு பக்கப் படிவம், பெயர் மாற்ற விண்ணப்பத்தோடு கட்டாயமாக இணைய வேண்டும். வியாபாரிக்கும் தனிநபருக்கும் அது பொது.

இதனால் சந்தை படுத்துவிடும் என்று சிலர் பயம் காட்டுவார்கள். பொருளியல் சொல்வது நேர் எதிர். பழைய கார் சந்தையை வைத்து 1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் எழுதிய கட்டுரை, பின்னாளில் அவருக்கு நோபல் பரிசையே பெற்றுத் தந்த ஆய்வின் அடித்தளம். நல்ல வண்டி எது, ஓட்டை வண்டி எது என்று வாங்குபவருக்குப் பிரித்தறியத் தெரியாதபோது, எல்லா வண்டிக்கும் அவர் ஒரு சராசரி விலையைத்தான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க வரமாட்டார். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும். ஒழுங்காகச் சர்வீஸ் செய்து, பில்லையெல்லாம் கோப்பில் வைத்திருப்பவருக்கும் அடிமாட்டு விலை கிடைப்பதற்குக் காரணம், குறையை மறைத்து விற்கும் பக்கத்து வீட்டுக்காரர்தான். பொய்யர் வாங்குபவரை மட்டும் ஏமாற்றவில்லை. யோக்கியமாக விற்பவரின் பையிலும் கைவைக்கிறார்.

எனவே எங்கள் தீர்ப்பு இது. பழையதை வாங்குபவர் விலையில்தான் சலுகை கேட்கிறார். உண்மை விஷயத்தில் சலுகை கேட்கவில்லை. நான்கு லட்சம் கொடுப்பவருக்கும் நாற்பது லட்சம் கொடுப்பவருக்கும் உண்மை ஒரே அளவில்தான் கிடைக்க வேண்டும். குறையைத் தெரிந்துகொண்டே சொல்லாமல் விற்பவர், மீட்டரைக் குறைப்பவர், முழு இழப்பு வண்டியை முத்திரையில்லாமல் சந்தைக்குள் விடும் நிறுவனம், இவை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வரி மட்டும் வசூலிக்கும் அரசு ஆகிய அனைவரும் இந்தக் குற்றத்தில் பங்காளிகள். சட்டம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை நம் வண்டியை விற்கும்போது, அதன் குறைகளை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்போம். விலையில் பத்தாயிரம் குறையும் என்றால் குறையட்டும். அந்தப் பத்தாயிரம் முதலிலிருந்தே நம்முடையது இல்லை.