கடலுக்குக் கணக்கெழுதுவது வீண்செலவா?

ஹம்பேர்க் நகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் எனது ஒன்றுவிட்ட தம்பி முறையான ஒருவர், சென்ற மாதம் தொலைபேசியில் என்னோடு நெடுநேரம் வாதிட்டார். தொழிலால் பொறியியலாளர். வரி கட்டுபவர். ஆதலால் அரசு எதற்குச் செலவு செய்கிறது என்பதில் கண்ணாயிருப்பவர். அவர் சொன்னதை அவருடைய வார்த்தைகளிலேயே தருகிறேன்: "அண்ணை, கடலைத் துப்புரவாக்கக் காசில்லை எண்டு சொல்லுறாங்கள். பழைய இலக்கங்களைத் தூசு தட்டிப் படம் கீறக் காசிருக்குது. இதுக்குப் பேர் விஞ்ஞானமோ?"

அவர் குறிப்பிட்டது, ஐரோப்பியக் கடல்சார் அவதானிப்பு, தரவு வலையமைப்பின் இரசாயனவியல் பிரிவை. சுருக்கமாக 'எமொட்நெற்' என்பர். 2009ஆம் ஆண்டில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய இப்பணியை இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் ஒருங்கிணைத்து வருகிறது. பால்டிக் முதல் கருங்கடல் வரை, கடல்நீரிலும் அடிமண்ணிலும் உயிரினங்களின் உடலிலும் அளக்கப்பட்ட ஒட்சிசன், நைத்திரேற்று, பொசுபேற்று, பார உலோகங்கள், எண்ணெய்க் கழிவுகள், கரையொதுங்கிய பிளாஸ்ரிக் ஆகியவற்றின் அளவுகளைத் திரட்டி, சரிபார்த்து, வரைபடமாக்குவது அதன் வேலை.

தம்பியின் கட்சி பிழை என்பது எனது கட்சி. அதனை நிறுவுமுன் எனது சொந்தக் குற்றமொன்றை ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்துள்ளதென்ற பேச்சு எழுந்தபோது, ஆய்வுகூட அறிக்கையொன்று எனது மேசைக்கு வந்தது. ஒரு கிணற்றின் அளவு லீற்றருக்கு 14 மில்லிகிராம் என்றிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 50 என்று எனக்குத் தெரியும். 'அச்சப்படத் தேவையில்லை' என்று தலைப்பிட்டு எழுதினேன். மறுநாட் காலை, எனக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியர் ஒருவர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "தம்பி, அந்த 14 நைதரசனாகச் சொன்னது. நீர் வைத்திருக்கிற 50 நைத்திரேற்றாகச் சொன்னது. பெருக்கிப் பாரும்" என்றார். நைதரசனின் நிறை 14, நைத்திரேற்றின் நிறை 62. அந்தக் கிணற்றின் உண்மையான அளவு 62 மில்லிகிராம். எல்லையைத் தாண்டிய நீரைத்தான் குடிக்கலாமென்று எழுதியிருக்கிறேன்! திருத்தம் மூன்று வரியில், ஐந்தாம் பக்கத்தில், நான்கு நாள் கழித்து வெளிவந்தது. தலைப்பை வாசித்தவர்களில் எத்தனை பேர் அந்த மூன்று வரியை வாசித்திருப்பர்? கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தாய்மாரை நினைக்குந்தோறும் இன்றும் எனக்கு நெஞ்சு உறுத்தும்.

ஒரு கிணற்றில், ஒரு மனிதன், ஓர் அலகைத் தவறவிட்டதன் விளைவு இது. இனி ஐரோப்பாவின் கடல்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு நாட்டிலும் பல நிறுவனங்கள். ஒவ்வொன்றும் தன் வழக்கப்படி குறித்துவைத்த பல தசாப்தக் குறிப்பேடுகள். ஒட்சிசனை ஒருவர் லீற்றருக்கு மில்லிலீற்றரில் எழுதுவார், மற்றவர் மில்லிகிராமில், இன்னொருவர் கிலோகிராமுக்கு மைக்குரோமூலில். ஒரு மில்லிலீற்றர் ஒட்சிசன் ஏறத்தாழ 1.43 மில்லிகிராம். 'இரண்டுக்குக் கீழே போனால் உயிர்கள் மூச்சுத் திணறும்' என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. எந்த இரண்டு? சிலர் மில்லிகிராமில் இரண்டு என்பர், சிலர் மில்லிலீற்றரில் இரண்டு என்பர். பின்னையது முன்னைய கணக்கில் 2.86 ஆகும். பால்டிக்கின் ஆழத்தில் மூச்சற்றுப்போன பரப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு, கடல் ஒரு சொட்டும் மாறாமலே இரண்டு விடை வந்துவிடும். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதைத்தான் எனது தம்பி 'தூசு தட்டுதல்' என்கிறார்.

தீர்க்கும் முறை அலுப்பூட்டுவது, மறுக்கவில்லை. அளந்த பொருள் எது, நீரிலா மண்ணிலா சிப்பியின் தசையிலா, வடித்த நீரா வடிக்காததா, எந்த முறையால் அளந்தது என்பவற்றையெல்லாம் உள்ளடக்கிய பொதுக் குறியீடு ஒவ்வோர் அளவுக்கும் இடப்படுகிறது. அந்தச் சொற்களஞ்சியத்தைப் பராமரிப்பது பிரித்தானியக் கடலியல் தரவு மையம். 2020இல் பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின்னரும் களஞ்சியம் அங்கேயே இருக்கிறது. அரசியல்வாதிகள் மீன்பிடி எல்லைக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது இவர்கள் அகராதியைப் பிரித்துக்கொள்ளவில்லை.

அடுத்தது சரிபார்ப்பு. ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் ஒரு தரக்குறி நிற்கும். 1 என்றால் நல்லது, 3 என்றால் ஐயத்துக்குரியது, 4 என்றால் பிழை, சோதிக்கப்படாதது 0. பால்டிக்கின் எண்களைச் சுவீடன்காரர், கருங்கடலினதை உருமேனியர் என்று, அந்தந்தக் கடலை அறிந்தவர்களே பார்க்கின்றனர். பிழையென்று கண்டதை அவர்கள் அழிப்பதுமில்லை, தாமாகத் திருத்துவதுமில்லை. அளந்த நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பி, 'உமது குறிப்பேட்டைப் பாரும்' என்கின்றனர். மூலத்தில் திருத்தம் நடக்கிறது. நான் பணியாற்றிய காலத்தில் ஒப்புநோக்குநர்கள் இவ்வாறுதான் வேலை செய்தார்கள். ஆசிரியரின் வசனத்தில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி இட்டுத் திருப்பி அனுப்புவர்; தம் இட்டப்படி மாற்றமாட்டார்கள். அந்தப் பதவியைச் செலவு மிச்சமென்று ஒழித்த பின்னர் பத்திரிகைகளின் நிலை என்னவாயிற்று என்பதை வாசகர்களே அறிவர்.

சரிபார்க்காத எண்ணால் என்ன கெட்டுவிடும் என்று தம்பி கேட்டார். கருங்கடலைக் காட்டுவேன். சேர்பியாவுக்கும் உருமேனியாவுக்கும் இடையில், தன்யூப் நதிக்குக் குறுக்கே 'இரும்பு வாயில்' என்ற பேரணை 1972இல் கட்டிமுடிக்கப்பட்டது. அணைக்குப் பின் நதி கடலுக்குக் கொண்டுவரும் சிலிக்கேற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டதென்று 1997இல் 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தது. சிலிக்கேற்று குறைந்தால் தயற்றம் எனப்படும் நுண்பாசிகள் ஓடு கட்ட இயலாது. அவற்றின் இடத்தை வேறு பாசிகள் பிடிக்கும். மீன்வளம் வரை அதன் தாக்கம் செல்லும். குற்றவாளி அணையே என்ற தீர்ப்பு உலகமெங்கும் எடுத்தாளப்பட்டது. 2004இல் வேறோர் ஆய்வுக்குழுவினர், அணைக்கு மேலும் கீழும் நீரெடுத்து வரவு செலவு பார்த்து முடிவை வெளியிட்டனர். நீர்த்தேக்கம் பிடித்துவைத்த சிலிக்கேற்று பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு! ஆயின் எஞ்சியது எங்கே போயிற்று? மேற்புற அணைகளிலா, பாசி பெருகிய ஆற்றிலேயா, பழைய அளவீடுகளிலேயே கோளாறா? முன்னைய கட்டுரையாளர் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. கையிலிருந்த தரவை வைத்து எழுதினார்கள். நான் கிணற்றைப் பற்றி எழுதியதும் அப்படித்தான்.

வடகடலில் ஹெல்கோலாந்து என்றொரு சிறு தீவு உண்டு. 1962 முதல் வேலைநாள்தோறும் அங்கே கடல்நீர் எடுத்து வெப்பநிலை, உவர்த்தன்மை, உணவுச்சத்துகள் ஆகியவற்றை அளந்து வருகின்றனர். உலகில் இதற்கு ஒப்பான தொடர்கள் வெகுசிலவே. அத்தொடரின் உணவுச்சத்து எண்களை மீளச் சோதித்த ஆய்வு 2009இல் வெளியாயிற்று. நாற்பதாண்டில் கருவி மாறும், இரசாயனப் பொருள் மாறும், அளக்கும் கையும் மாறும். ஏற்றத்தாழ்வு தென்பட்டால் மாறியது கடலா, ஆய்வுகூடமா என்று பிரித்தறியாமல் கமக்காரனிடம் போய் 'உன் பசளையைக் குறை' என்று எந்த முகத்துடன் சொல்வது? அவன் நீதிமன்றம் போனால் முதற் கேள்வியே அதுதான்.

'இப்போது செய்மதி இருக்கிறது, கணினி மாதிரி இருக்கிறது, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. போத்தலில் தண்ணீர் அள்ளுவது எந்தக் காலத்து வேலை' என்பது தம்பியின் அடுத்த கணை. செய்மதி பார்ப்பது கடலின் மேற்றோலை. நிறத்தைக் கொண்டு பச்சையத்தை மதிப்பிடும். இருநூறு மீற்றர் ஆழத்து ஒட்சிசன் அதற்குத் தெரியாது, பொசுபேற்றும் தெரியாது. தானே மிதந்து அளக்கும் மிதவைகளின் உணரிகளோ நாட்பட வழுவத் தொடங்கும். அவற்றைச் சரிபார்க்க, ஹங்கேரி நாட்டு விங்க்ளர் 1888இல் கண்ட நியமிப்பு முறைதான் இன்றும் உரைகல். கணினி மாதிரிக்கும் உண்மையான அளவுகளே பாடநூல். பிழையான பாடநூலைப் படித்த மாணவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் பிழையைத்தானே ஒப்புவிப்பான்?

வரைபடத்துக்கு வருகிறேன். இங்கே எனது கோபம் தம்பி மீதன்று, எனது சொந்தத் தொழில்காரர் மீது. சிதறிக் கிடக்கும் புள்ளிகளிலிருந்து தொடர்ச்சியான பரப்பைக் கணிக்க, பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'டிவா' என்ற கணித முறை பயன்படுகிறது. கரையும் கடலடித் தரையும் இடையே தடுப்பதை அது கணக்கில் எடுக்கும். அதைவிட முக்கியமாக, எந்த இடத்தில் தன் கணிப்பு எவ்வளவு நம்பத்தக்கதென்ற பிழைப்படத்தையும் தரும். வழு அதிகமான இடங்களை மறைத்த படங்களும் உடன் கிடைக்கின்றன. ஆனால் பத்திரிகையில் வருவது எது? முழுக்கடலும் வர்ணம் பூசிய படம்! மறைத்த படத்தில் வெண்மையாகக் கிடக்கும் இடம் அழகாக இல்லையாம். அந்த வெண்மைதான் செய்தி என்பது பக்கவடிவமைப்பாளருக்கு யார் சொல்வது? யாரும் அளக்காத கடல் அது. நீலம் பூசிவிட்டால் வாசகன் சுத்தமான கடலென்று கொள்வான்.

தம்பியின் பக்கம் நியாயமே இல்லையென்று சொல்லமாட்டேன். கடலை நன்னிலைக்குக் கொண்டுவருவதற்கென 2008இல் ஐரோப்பிய ஒன்றியம் கடல்சார் மூலோபாயப் பணிப்புரையை இயற்றி, 2020ஐ இலக்காண்டாக வைத்தது. அவ்வாண்டு வந்து போயிற்று. எல்லாக் கடல்களிலும் அந்நிலை எட்டப்படவில்லை. ஆனால் எட்டப்படவில்லையென்று சொல்லத் துணிவு தந்தது எது? எண்கள்தாம். 2016இல் 17 நாடுகளின் 276 கடற்கரைகளில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குப்பைப் பொருட்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் பொருட்கள் பாதியளவு, மீன்பிடி சார்ந்தவை 27 சதவீதம் என்று கண்டனர். அந்தக் கணக்கை முன்வைத்தே 2019இல் சட்டம் பிறந்தது. 2021 யூலையில் பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழலும் கரண்டியும் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. 100 மீற்றர்க் கரையில் 20 பொருட்களுக்கு மேல் இருக்கலாகாதென்று எல்லை வகுத்தபோதும், பிளாஸ்ரிக் கம்பனிகளால் 'உமது கணக்கு ஊகம்' என்று தள்ளிவிட முடியவில்லை. இன்று அக்கரைக் குப்பைக் கணக்குகளைக் காத்துவைப்பதும் இந்த வலையமைப்பே.

நான் ஐரோப்பியரைக் குறைகூறுவது வேறு காரணத்துக்காக. ஒரு நூற்றாண்டு நீளவேண்டிய பணிக்குச் சில ஆண்டு ஒப்பந்தங்களாகப் பணம் கொடுக்கிறார்கள். ஒப்பந்தம் முடியும்போது பயிற்சி பெற்ற இளைஞர் வேறு வேலை தேடத் தொடங்குவர். மேலும், 'இங்கே ஓர் அளவீடு இருக்கிறது' என்று பட்டியலில் தெரியும். திறக்கப் போனால் 'பேச்சுவார்த்தையின் பேரில்' என்றொரு வாசகம் நிற்கும். மக்கள் வரிப்பணத்தில் கப்பலோட்டி அள்ளிய நீர்! அதில் எவ்வளவு பாதரசம் என்று மக்களுக்குக் காட்டப் பேச்சுவார்த்தையா? எண்ணெய்க் கம்பனிகளும் காற்றாலைக் கம்பனிகளும் அனுமதிப் பத்திரத்துக்காக எடுத்த அளவுகளில் எத்தனை இன்னும் பெட்டகங்களில் உறங்குகின்றன? தம்பி கட்டும் வரிக்கு அவர் கேட்கவேண்டிய கேள்வி இது.

எண்ணின் அருமை இலங்கையருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து, 1,486 கொள்கலன்களோடும் 25 தொன் நைத்திரிக் அமிலத்தோடும் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளோடும் அழிந்தது. 2025 யூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. இழப்பீட்டை எதிர்ப்பவன் எப்போதும் கேட்பது ஒன்றே: 'அதற்கு முன் உங்கள் கடல் எப்படி இருந்தது, காட்டுங்கள்.' தீப்பிடித்த பிறகு எடுக்க முடியாத மாதிரி அது.

இவற்றையெல்லாம் தம்பிக்கு எழுதி அனுப்பினேன். இரண்டு கிழமையாகப் பதிலில்லை. நேற்று எடுத்துப் பேசினார். ஹெல்கோலாந்துக்கு மூன்று முறை போயிருக்கிறாராம்; தீர்வையில்லாத சாராயமும் வாசனைத் திரவியமும் வாங்குவதற்காக. நீர் எடுக்கும் படகைக் கண்டதில்லையாம். அடுத்த கோடையில் போகும்போது கடையை மட்டும் பாராமல் துறைமுகப் பக்கமும் போகும்படி சொல்லியிருக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போகவேண்டாம், அன்று நீர் எடுக்கமாட்டார்கள்.