மூக்களவும் சாதியும்

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பக்கமிருந்து உயிரியல் படிக்கப் போகும் தம்பி தங்கைகளே! வகைப்பாட்டியல்னு சொன்னதும் லின்னேயஸ் பெயரை ஒப்பிக்கிறீர்கள். 1758இல் மனிதர் எல்லாரையும் ஒரே இனமாக வைத்த அந்த ஆள்தான், அதே மூச்சில் நாலு நிறமாகப் பிரித்து, ஐரோப்பியன் கூர்மதியன், ஆப்பிரிக்கன் சோம்பேறி என்றும் எழுதினவர். பூவை மகரந்தத் தாள் எண்ணிப் பிரித்தார், சரி. மனுசனுக்கு எதை எண்ணினார்?

இங்கே அந்தக் கோலைச் சாதிக்கு நீட்டினார்கள். மூக்கு அகலமாக அகலமாகச் சாதி கீழே இறங்கும் என்றார் ரிஸ்லி, 1891இல். எழும்பூர் மியூசியக் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன் நம்ம சனங்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909இல் ஏழு தொகுதி போட்டார். பட்டாம்பூச்சிக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும் இதுவும் ஒண்ணா?

இப்படி எடுத்த மூக்களவுகளை வைத்தே 1948இல் அம்பேத்கர் திருப்பி அடித்தார். பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனத்தார் என்றுதான் அளவு சொல்லுது. தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணமே இல்லை என்றார்.

இப்போ மரபணுவாம். ஏறக்குறைய 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த நாட்டில் பரவலாகக் கலப்பு நடந்தது, பிறகுதான் அகமணம் இறுகியது என்கிறது 2013இல் வந்த ஆய்வு. இதையும் தூக்கிக்கிட்டு, ‘பார், ரத்தமே வேற’ங்கிறான். கதவைப் பூட்டினவனே வந்து, கதவு பூட்டியிருக்குன்னு சாட்சி சொல்றான்!

கூடிப் பெற்ற பிள்ளை தானும் பிள்ளை பெறுமானால் பெற்ற இரண்டும் ஒரே இனம். இது உங்க வகுப்புப் பாடம். சாதி மாறிக் கட்டினதுக்காக 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினவங்க எந்த இனத்தைக் காப்பாத்தினாங்க?